சார்ந்திருப்பவர்: சஜன்

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ராஜபாய் அக்காவிடம் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். யாராவது இலாகா சுற்றறிக்கையைக் காட்டி வாதாடினால் அக்காவுக்குப் பொறுக்காது.

"எலே, நாடாளுமன்றம் நிறைவேத்தினதாக்கும் சட்டம். சுற்றறிக்கை அதுக்குக் கீழதான். சட்டத்துல இல்லாத ஒரு சொல்ல எவனும் சேர்க்க முடியாது."

நடக்க முடியாத மகன் சஜனுக்காக, மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான வரிக்கழிவை அக்கா வருஷந்தோறும் தன் கணக்கில் எழுதுவார். போன வருஷம் மார்ச்சில் சஜன் இறந்துபோனான். அந்த நிதியாண்டோடு கழிவும் முடிந்தது.

இந்த ஜூலையில் அக்கா தன் கணக்கைத் திறந்தபோது, பாழாய்ப்போன மென்பொருள் பழைய விவரங்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது. சார்ந்திருப்பவர்: சஜன், மகன். அக்கா சட்டப் புத்தகத்தை எடுத்து, அந்தக் கழிவுக்கான பிரிவை விரல் வைத்து மூன்று முறை வாசித்தார்.

"பிள்ளைகள்னு உண்டு. சார்ந்திருக்கணும்னு உண்டு. உயிரோட இருக்கணும்னு எங்கயும் எழுதல்ல, பின்சி."

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அக்காவே திட்டி அனுப்பியிருப்பார்.

புத்தகத்தை மூடிவிட்டு அவரே சஜன் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைச் சொடுக்கினார். 'இவரை நீக்கவா?' என்று திரை கேட்டது. அக்கா மவுசை என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ அமுக்கு, மக்கா. எனக்குக் கை வரல்ல."