வெள்ளையடித்த ஆடுகள்

என் அண்ணனைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது, எந்த அண்ணன் என்று கேட்டேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்தான். ஆனாலும் அவரைப் போய் யாராவது படம் எடுப்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

அண்ணனுக்குக் காதில் ஓர் ஆளின் குரல் கேட்கும். வாலிப வயதில் தொடங்கியது. ஆரம்பத்தில் அந்தக் குரல் திட்டித் திட்டி அவரைத் தெருவில் ஓட வைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரைகளுக்குப் பிறகு அது தணிந்து, ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட சொந்தக்காரரைப் போல எப்போதாவது குறை சொல்வதோடு நிறுத்திக்கொண்டது. அண்ணன் எங்கள் தோல் குடோன் மாடியில் இருந்துகொண்டு சுவர் முழுக்க ஆடு வரைவார். கரித்துண்டு, மிச்சம் கிடக்கும் பெயிண்ட், எதுவானாலும் சரி. எல்லா ஆடுகளுக்கும் மனித முகம், அதுவும் சொந்தக்காரர்களின் முகம். பார்த்ததும் யாரென்று சொல்லிவிடலாம். அதுதான் பிரச்சினை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்த ஆடுகளை போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். போன் செய்த அந்த டைரக்டர் பெண்ணின் கண்ணில் பட்டது அப்படித்தான். மற்றபடி ஊரில் யாரும் அண்ணனை ஓவியர் என்று சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் அவர் எங்கே என்று யாராவது கேட்டால், காய்ச்சல் என்று அம்மா சொல்லிவிடுவார். வருஷக்கணக்காக அதே காய்ச்சல்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் அம்மா மாடிக்குப் போய்ச் சுவர்களைப் பார்த்தார். நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் தங்கையான எங்கள் மாமி, தாடி வைத்த ஆடாக நின்று முருங்கைக் கீரை தின்றுகொண்டிருந்தார். இதைப் படத்தில் காட்டினால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று அம்மாவுக்குப் பட்டது. நான் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆள் பிடித்து மாடி முழுக்க வெள்ளையடித்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன்தான்.

மறுநாள் காலையில் டைரக்டர் ஒரு கேமராக்காரருடன் வந்து சேர்ந்தார். மாடி ஏறியவர் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஓவியங்கள் எந்த ரூமில் இருக்கின்றன என்று கேட்டார்.

"நேத்துத்தாம்மா வெள்ளையடிச்சோம். இப்ப வெளிச்சமா இருக்குல்ல?" என்றார் அம்மா.

டைரக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்.

"விடுங்கம்மா. ஆடுக ரொம்ப நெருக்கியடிச்சு நின்னுச்சுக. மேக்கொண்டு வரைய எனக்கே எடமில்ல. இப்பத்தான் எடம் கெடச்சிருக்கு."

அன்று மதியமே தொடங்கிவிட்டார். முதல் ஆட்டுக்கு டைரக்டரின் முகம், கண்ணாடியோடு. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, காது கொஞ்சம் பெரிதோ என்று மட்டும் கேட்டார்.

படப்பிடிப்பு ஒரு வாரம் போல நடந்தது. அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி யோசனையில் நிற்க வேண்டும் என்று ஒரு காட்சி. நின்றார். நன்றாகத்தான் நின்றார். மனதில் என்ன ஓடுகிறது என்று டைரக்டர் மெதுவாகக் கேட்டதும், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் நிறைந்து வழிகிறது என்று சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்தச் சொல்லக் கீழே இறங்கிப் போய்விட்டார். படத்தில் இப்போதும் அந்தக் காட்சி இருக்கிறது. வெறும் ஜன்னல், தூரத்தில் அண்ணன் சத்தம் போடுவது கேட்கும்.

அம்மாவைப் பேட்டி எடுத்தார்கள். முதலில் நரம்புத் தளர்ச்சி என்றார். பிறகு, சின்ன வயதில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணன், "மனநோய்னு சொல்லுங்கம்மா. டாக்டரே அப்படித்தான் சொல்றாரு" என்றார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எம் மகனுக்கு மனநோய் இருக்கு. மாத்திர சாப்புடுறான். நல்லா வரைவான்."

இந்த மூன்றில் முதலாவதையும் கடைசியையும் அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. கேமராக்காரர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னபோது, சோறு ஆறுகிறது என்று சொல்லி எழுந்துவிட்டார்.

படம் முடிந்து, சின்னாளப்பட்டிப் பக்கம் ஓர் அரங்கத்தில் திரையிட்டார்கள். குடும்பத்தோடு போனோம். மாமியும் வந்திருந்தார். தான் ஆடாக நின்ற விஷயம் அவருக்கு முன்பே தெரியுமாம். அதை ஏன் அழித்தீர்கள், நானும் படத்தில் வந்திருப்பேனே என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டார்.

கடைசியில் கேள்வி நேரம். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், மனம் புண்படக் கூடாதே என்று நாலைந்து முறை சுற்றி வளைத்து, இப்போதும் அந்தக் குரல் கேட்கிறதா என்று கேட்டார். அண்ணன் மைக்கை வாங்கினார்.

"கேக்குதுங்க. படம் கொஞ்சம் நீளம்னு சொல்லுது. எனக்குப் புடிச்சிருக்கு, அந்தாளுக்குத்தான் புடிக்கல."

முதலில் சிரித்தவர் டைரக்டர்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் ஓர் அம்மா அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்து பெஞ்சில் அவருடைய கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்த பிறகுதான் அவரை இங்கே கூட்டி வந்தாராம். அண்ணன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. எழுந்து வரும்போது அந்த அம்மாவிடம் மட்டும் சொன்னார்:

"இந்த மாத்திரைக்குப் பசி நல்லா எடுக்கும். சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கொஞ்சம் கூடுதலா வைங்க."