மழையில்லாமல் நனைந்த குடை

1931 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்டியில் ரயில் ஏறினேன். வத்தேகமவுக்கு எட்டு மைல். மூன்றாம் வகுப்பு, இருபத்தைந்து சதம். மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. ஆனாலும் குடை எடுத்துக்கொண்டேன், ஊன்றுவதற்கு. மலை ஏறுகையில் என் வயிறு எனக்கு முன்னால் போய்விடும்.

நான் விறகு வியாபாரி. வத்தேகமவுக்குக் கிழக்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் மிஞ்சியிருந்த காட்டை விறகுக்கு விற்கிறார்களாம். வாங்குவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பத்து மணி. ஸ்டேஷனில் என்னை ஏற்றிய தோட்டத்து லொறி தேயிலைத் தொழிற்சாலையோடு நின்றுவிட்டது. மிச்சம் இரண்டு மைல் நடை. வழிகாட்டத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அனுப்பியவள் வீராயி, கொழுந்து பறிப்பவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதலாளி, நீங்க ஏறிடுவீங்களா? இல்ல, தூக்க நாலு பேரக் கூட்டியாரவா?"

"மூணு பேர் போதும் தங்கச்சி. இண்டைக்குக் கொஞ்சமாத்தான் தின்னேன்."

பாதி வழியில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம். பத்துக் காம்பராக்கள், ஒன்றிலும் ஆளில்லை. கதவுகள் காற்றில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடின. யாரோ ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு போவதைப் போல. வாசலில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குள் சிலந்தி வலை. மேலே மொட்டை மலை. பனிமூட்டம் அதன்மேல் ஊர்ந்து போனது, ஒரு துளியும் விடாமல்.

"மேல இருந்த காட்ட வெட்டுனாங்க. ரெண்டு வருசத்துல பீலி நின்னுபோச்சு. இங்க இருந்த சனமும் இப்ப எங்க பீலியிலதான் நிக்குது" என்றாள். "அதுக்குத் தண்ணி வர்றது நீங்க பாக்கப்போற காட்டுலருந்து."

நான் குடையை ஊன்றி நின்றேன். மூச்சு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றரை. காட்டுக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் போயிற்று. பறவைச் சத்தமும் நின்றது. அதே பனிமூட்டம் இங்கே மரங்களுக்கிடையில் அசையாமல் நின்றது. முன்னால் போன வீராயி மறைந்துவிட்டாள். தோளில் ஒரு தட்டல். திரும்பினேன், யாருமில்லை. கழுத்தில் குளிர்ந்த விரல். குடையை விரித்தேன். குடையையும் தட்டினார்கள்.

"ஆரது? ஆரு தட்டுற?" என்று கர்ஜித்தேன். வெளியே வந்தது ஆட்டுக்குட்டியின் குரல்.

முன்னாலிருந்து சிரிப்பு. "மரந்தான் மொதலாளி! பனி எலையில முட்டிச் சொட்டுது. மழ இல்லாட்டியும் இது நிக்காது." பாசியைக் காலால் அழுத்தினாள், தண்ணீர் கசிந்தது. "இதுதான் பீலிக்கு வருது. வெட்டுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்களும் சட்டிபானையக் கட்டணும்." இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஒரு மரத்தைக்கூட எண்ணாமல் இறங்கினேன். எனக்கு வேண்டாமென்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"பரவாயில்ல. சாயந்தரம் பிலிமத்தலாவையிலருந்து ஒருத்தர் வர்றாரு" என்றார் அவர்.

ஐந்து மணி, வத்தேகம ஸ்டேஷன். அந்த ஒருத்தர் ரயிலிலிருந்து இறங்கினார். தெரிந்த வியாபாரிதான், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பவர்.

"என்ன நானா, மரம் எப்பிடி?"

"மரம் நல்லம் தம்பி. ஆனா உள்ள போனா ஆரோ தோள்ல தட்டுறாங்க, திரும்பினா ஒருத்தருமில்ல. பக்கத்துக் காட்டை வெட்டின பொறகு, கீழ லயத்துல ஒரு குடும்பமும் மிஞ்சல்ல."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"பகடி பண்ணாதீங்க நானா!"

சுருட்டியிருந்த குடையை அவர் முன்னால் விரித்து உதறினேன். ஒரு மாதமாய் மழை காணாத பிளாட்பாரத்தில் தண்ணீர் தெறித்தது. அவர் குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கண்டிக்குத் திரும்பும் ரயில் வந்தபோது, எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான்.

கண்டியில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது. திருகினால் கொட்டும், எங்கிருந்து என்று நான் கேட்டதே இல்லை. அன்று தொழுகைக்குக் கைகால் கழுவக் குழாயைத் திறந்தேன். தோளில் யாரோ தட்டினாற்போல் இருந்தது.

இந்த முறை, ஆரது என்று நான் கேட்கவில்லை.