காப்பிக்கடை பெஞ்சில் செல்லாயி

குளத்தூர் தாண்டி, கரி எரித்து ஓடும் எங்கள் பஸ் நிற்கிறது. இறங்கும்போது சறுக்கி விழுந்த பண்ணையாருக்குத் தோள் மூட்டு விலகிவிடுகிறது. காப்பிக்கடை பெஞ்சில் அவரை உட்கார்த்திவிட்டு, எலும்பு கட்டும் செல்லாயியைச் சேரியிலிருந்து அழைத்து வருகிறார்கள். அவர் கடை வாசலிலேயே நிற்கிறார். சேரிக்காரர்கள் உள்ளே நுழைவது வழக்கமில்லை. அவர்களுக்குக் காப்பியும் வெளியே சிரட்டையில்தான்.

“நின்னுக்கிட்டு இழுத்தா நரம்பு பெசகிரும் ஐயா. ஒங்க பக்கத்துல ஒக்காரணும்.”

கடைக்காரர் முகம் சுளிக்கிறார். வலியில் வியர்த்த பண்ணையார் நகர்ந்து இடம் விடுகிறார். செல்லாயி அமர்ந்து, விரல்களால் மூட்டைத் தடவிப் பார்த்து, பேச்சுக் கொடுத்தபடியே ஒரே இழுப்பில் பொருத்திவிடுகிறார்.

வேலை முடிந்தும் செல்லாயி எழவில்லை. பண்ணையாரும் எழச் சொல்லவில்லை.

“இங்கிட்டு ரெண்டு காப்பி. ரெண்டும் டம்ளர்லயே” என்கிறார் பண்ணையார், கடைக்காரரிடம்.

அதே பஸ்ஸில் வந்து, பெஞ்சருகே நின்றிருக்கும் என்னைச் செல்லாயி பார்க்கிறார்.

“எடம் இருக்கு, ஒக்காருங்க.”

அவர் பக்கத்தில் உட்கார்கிறேன்.