பிறந்த வீட்டுப் புண்ணாக்கு

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கோழிகளில் பாதி, மேசைக்கு வருமுன்பே எங்களுக்குப் பயன்படாமல் போயிருக்கும். நாமக்கல் வட்டாரம் முழுக்கக் கோழிப்பண்ணைகள் முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கம் அது. மாட்டுக் கொட்டகையில் வலையடித்துக் கோழி விட்டார்கள், புகையிலைக் கொட்டகையில் விட்டார்கள், ஒருவர் தறிக்கூடத்தையே காலி செய்துவிட்டு விட்டார். கோழி செத்தால் மஞ்சள் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டு வருவார்கள். நாங்கள் அதை அறுத்து, ஈரல், மண்ணீரல், குடல் எல்லாவற்றையும் பார்த்து, எதனால் செத்தது என்று சொல்ல வேண்டும்.

அதற்கு மேல் எங்கள் பெரிய டாக்டருக்குச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சியும் இருந்தது. இந்தச் சமவெளியில் எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்த நோயில் கோழிகள் சாகின்றன என்று முறையாகக் கண்டு எழுதுவது. நான் அவருக்குக் கீழே இருந்த இளம் கால்நடை மருத்துவன். கணக்கு என் பொறுப்பு. கொடுத்த பொறுப்போ, எனக்கே உள்ள வியாதியோ, வந்த கோழி, அறுத்த கோழி, கண்ணாடித் துண்டு, சாயப் புட்டி எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டேயிருப்பேன். ஃபார்மலின் நெடியில் கண் எரியும். மின்விசிறியைப் போட்டால் இறகு பறக்கும், போடாவிட்டால் ஈ மொய்க்கும். இரண்டில் எது குறைந்த தொல்லை என்று அங்கிருந்த காலம் முழுக்க என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

வருகிற கோழிகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு பெரியவர் கோழியை உரித்து, குடலெடுத்து, மஞ்சள் பூசி, வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தார். நாங்கள் பார்க்க வேண்டியதெல்லாம் அவர் வீட்டு வேலியோரம் காக்கைக்குப் போயிருந்தது.

"ஆபீசருங்க கையில தொடறதுங்க. அப்படியே அழுக்கோட கொண்டாந்து வெக்கறதுங்களா?" என்றார்.

இன்னொருவரிடம், நோய் கண்ட கோழி ஒன்றை உயிரோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பினோம். பண்ணையிலேயே கொழுத்ததைப் பிடித்து வந்தார். நோஞ்சானைக் கொண்டுவந்து கொடுப்பது மரியாதையில்லையாம். பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் ஆராய்ச்சி ராணிக்கேட்டு நோயில சாகாதுய்யா. இந்த ஊர்க்காரங்க மரியாதையிலதான் சாகப்போவுது" என்றார். அவர் வட ஆர்க்காட்டுக்காரர். எங்கள் பக்கத்து 'ங்க' அவருக்குக் கடைசிவரை வேடிக்கைதான்.

அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிறத்தில் குண்டூசி. ராணிக்கேட்டுக்குச் சிவப்பு, ரத்தக்கழிச்சலுக்குப் பச்சை, தீனியில் சேரும் நஞ்சுக்குக் கறுப்பு. சிவப்பு ஊசிகள் சாலையோரமாகவே போகும், ஏனென்றால் நோய் வியாபாரியின் கூண்டோடு பயணம் செய்தது. பச்சை ஊசிகள் தண்ணீர் தேங்கும் ஊர்களில் குவியும். ஊசியைப் பார்த்தே நோயின் வழியைச் சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஓர் ஐப்பசி மழை முடிந்த சமயம் மூன்று கறுப்பு ஊசிகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. முதல் கோழி மோகனூரிலிருந்து வந்தது, அடுத்தது எடப்பாடியிலிருந்து. இரண்டிலும் ஈரல் வீங்கி, வெளிறி, மஞ்சள் பூத்துக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஈரல் செல்களில் கொழுப்பு, பித்தக் குழாய்கள் கண்டபடி பெருகியிருந்தன. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் உண்டாகும் நஞ்சு அப்படித்தான் செய்யும். பெரிய டாக்டர் முதல் ஈரலிலேயே அதைச் சொல்லிவிட்டார். ஆனால் கொண்டுவந்த இருவரும் புண்ணாக்கைக் கடையில் வாங்கியதாகச் சொன்னார்கள். ஒருவர் சேலத்துக் கடை என்றார், மற்றவர் ஈரோட்டுக் கடை என்றார். அதே கடைகளில் வாங்கிய எத்தனையோ பண்ணைகளில் கோழிகள் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன.

மூன்றாவது கோழியைச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பெண் கொண்டுவந்தார். முப்பது வயதிருக்கும். கணவர் லாரியில் வடக்கே போயிருந்தார். பண்ணை அந்த அம்மாளுடையது. முந்நூற்றுச் சொச்சம் முட்டைக் கோழிகள். தினமும் நான்கைந்து செத்துக்கொண்டிருந்தன.

"மாமனாரு ஆரம்பத்துலயே வேண்டாம்னாருங்க" என்றார் அவர். "இப்ப கறிக் கோழி வேவாரியக் கூப்புட்டுட்டாரு. வார சந்தைக்கு வண்டி வந்துருமுங்க. அத்தனையும் புடிச்சுக் குடுத்துட்டு, கொட்டாயில எருமையக் கட்டோணுங்கறாரு. அதுக்குள்ள நீங்க என்னன்னு சொல்லோணுங்க."

"தீனி என்ன போடறீங்க?"

"மக்காச்சோளம், தவுடு, கடலப்புண்ணாக்கு."

"புண்ணாக்கு எங்க வாங்கினது?"

அந்த அம்மாள் மேசைமீதிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு, "கடையிலதானுங்க" என்றார்.

"எந்தக் கடை?"

"நாமக்கல்லுல ஒரு கடைங்க. பேரு ஞாவகமில்லீங்க."

புண்ணாக்கில் ஒரு பிடி கொண்டு வரச் சொன்னோம். மறுநாள் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்தார். நான் அதிலிருந்து சாறு இறக்கிக் கொடுக்க, பெரிய டாக்டர் அதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் வைத்தார். நஞ்சு இருந்தால் தகட்டில் நீலப் பொட்டு ஒளிரும். ஒன்றும் ஒளிரவில்லை. அது வழியில் ஒரு கடையில் அப்போதே வாங்கிய நல்ல புண்ணாக்கு என்பது எங்களுக்குத் தெரியாது. நான்தான் சாறு இறக்கியதில் தவறு செய்துவிட்டேன் என்று பெரிய டாக்டர் நினைத்தார். விளக்கு பழசு என்று நான் நினைத்தேன். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றோம். மோகனூர் காவிரிக் கரை. சேந்தமங்கலம் கொல்லிமலை அடிவாரம். எடப்பாடி மேற்கே ஒரு மூலையில். மூன்றுக்கும் ஒரே சாலையில்லை, ஒரே தண்ணீரில்லை. குஞ்சு வாங்கிய இடமும் வேறு வேறு.

"பறந்து போய்க் கடிக்கிற நோயாய்யா இது?" என்றார் பெரிய டாக்டர்.

சந்தைக்கு முந்தின நாள் நான் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பித் தாழ்வாரத்துக்கு வந்தேன். பெஞ்சின் ஒரு கோடியில் சேந்தமங்கலத்து அம்மாள் உட்கார்ந்திருந்தார். படியேறி வந்தவர் முதல் கறுப்பு ஊசிக்குச் சொந்தக்காரரான மோகனூர்க்காரர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இருவர் கையிலும் மஞ்சள் பை. அவர் அந்த அம்மாளைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த அம்மாள் தன் பையைப் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினார்.

"ஏனுங்கண்ணா, நீங்க எங்க இங்க?"

"சும்மா சாமி. இந்தப் பக்கம் ஒரு சோலி. நீ?"

"நானுஞ் சும்மாதானுங்க. நோம்பிக்குத் துணியெடுக்கலாம்னு வந்தேன்."

"கோழி ஆசுபத்திரியில துணி விக்கறாங்களா?"

"நீங்க மட்டும் இங்க என்ன சோலி பாக்கறீங்க?"

அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். இருவரும் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்கள். ஈக்கள் இரண்டு பைக்கும் மாறி மாறிப் போய்வந்தன.

"அண்ணா, உங்க பையில காலு தெரியுதுங்க."

"உம்பட பையில எறகு தெரியுது, அதப் பாரு மொதல்ல."

நான் சாப்பாட்டை மறந்து இருவரையும் உள்ளே அழைத்துப் போனேன். இரண்டு கோழிகளையும் ஒரே துத்தநாகத் தட்டில் வைத்து அறுத்தோம். இரண்டு ஈரல்களும் ஒரே மாதிரி, பழுத்த பரங்கிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தன. இடம் மாற்றி வைத்தால் எது எவருடையது என்று எங்களுக்கே தெரியாது.

பெரிய டாக்டர் கையுறையோடு நிமிர்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"கூடப் பொறந்தவங்கங்க" என்றார் அண்ணன்.

"எடப்பாடியில உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"எங்க அக்காளக் குடுத்த ஊருங்க அது. அக்கா ஊட்டுலயும் பண்ணை இருக்குதுங்க. ஏனுங்க?"

பெரிய டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியொரு சிரிப்பை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. மூன்று ஊர்களையும் இணைத்தது சாலையல்ல, கல்யாணம். அதற்கென்று ஒரு நிற ஊசி எங்களிடம் இல்லை.

"எடப்பாடியிலயும் இதே சாவுதான், அங்கயும் கடைன்னுதான் சொன்னாங்க. புண்ணாக்கு எங்க வாங்கினீங்க?" என்றார் மறுபடியும். "இந்தத் தடவ கடைன்னு சொன்னீங்கன்னா கத்தியால குத்திடுவேன்."

"வாங்குலீங்க" என்றார் தங்கை, மிகவும் மெதுவாக.

"பின்ன?"

அந்த அம்மாள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் குடுத்ததுங்க. சீரு."

கதை அப்புறம் தானாக வந்தது. அவருக்கு மோகனூரில் சின்னதாக ஓர் எண்ணெய் மில் இருந்தது. அதை எங்களிடம் அதுவரை சொல்லவில்லை. தங்கை புதுக் கொட்டகைக்குப் பால் காய்ச்சியபோது, பிறந்த வீட்டுச் சீராகக் குத்துவிளக்குக்குப் பதில் ஆறு மூட்டை கடலைப் புண்ணாக்கைச் சந்தனம் குங்குமம் வைத்து வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார். தங்கைக்குச் செய்தால் அக்காவுக்கும் செய்தாக வேண்டும், அதனால் எடப்பாடிக்கும் ஆறு மூட்டை. மீதியைத் தன் பண்ணைக்கு வைத்துக்கொண்டார். கொடுக்கும் முன்பே மழையில் கிடங்கு ஒழுகி மூட்டைகள் நனைந்ததையும், வெயிலில் காயவைத்து மறுபடி கட்டியதையும் அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"உங்க கோழியுமாங்கண்ணா சாவுது?" என்றார் தங்கை.

"எண்பது போயிருச்சு சாமி. உனக்குத் தெரிஞ்சா, அண்ணன் கெட்ட சீரக் குடுத்துப்போட்டான்னு மனசு ஒடஞ்சு போவீன்னு சொல்லுல."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் நான் கடையில வாங்குனதுன்னு சொன்னேன். அக்காளும் அதுக்குத்தான் சொல்லியிருப்பா. டாக்டரு கேட்டதுக்கு ஒரு பொட்டணம் வேற வெலைக்கு வாங்கியாந்து குடுத்தேன்."

ஊதா விளக்கு பழசில்லை என்று எனக்கும், சாறு இறக்கியது சரியென்று பெரிய டாக்டருக்கும் அப்போது தெரிந்தது. கொண்டுவந்தும் காட்ட மனமில்லாமல் வைத்திருந்த ஒரு பிடி புண்ணாக்கை அண்ணன் தன் பைக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தார். சோதனை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. இருவரையும் ஒருவர்பின் ஒருவராக, இருட்டறையில் விளக்கை மூடியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னோம். தகட்டில் நீலப் பொட்டு நட்சத்திரம்போல் ஒளிர்ந்தது.

"அழகாத்தானுங்க இருக்குது" என்றார் அண்ணன், துணிக்குள்ளிருந்து.

இன்றைக்கே அந்தத் தீனியை நிறுத்துங்கள், மிச்சக் கோழிகளில் பெரும்பகுதி தேறிவிடும், வியாபாரியை வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார் பெரிய டாக்டர். வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் உண்மையான சண்டை தொடங்கியது.

"மிச்ச மூட்டைய நாளைக்கே வண்டி போட்டு எடுத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

"எடுக்கறதா? பொறந்த ஊட்டுச் சீரு திரும்பிப் போறதப் பாத்தா எங்க மாமனாரு ஊரெல்லாம் சொல்லுவாரு. அதுக்குக் கோழியே சாவட்டும்."

"வெசங்கறாரு டாக்டரு. ஊட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"எருமைக்கு வெப்பேன்."

"பால்ல இறங்கும், வைக்கக் கூடாது" என்று பெரிய டாக்டர் அலறினார்.

"குழி வெட்டிப் பொதைச்சுரலாம்" என்றேன் நான். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், பிறந்த வீட்டுச் சீரைப் புதைக்கச் சொன்னவன் எந்த ஊர்க்காரன் என்ற கேள்வி இருந்தது. நான் பரமத்திக்காரன். எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் அண்ணன்தான் கேட்டார். "கரும்பு போட்டிருக்கீங்களா இந்த வருசம்?"

"ஒரு ஏக்கரா."

"கரும்புக்கு ஒரமாப் போட்ரு. நான் கரும்புக்குன்னே குடுத்ததா இருக்கட்டும். உம்பட மாமனாரு கேட்டா நான் வந்து சொல்றேன்."

தங்கை யோசித்தார். சீர் திரும்பிப் போகவில்லை, வீணாகவுமில்லை, வீட்டு நிலத்திலேயே சேர்கிறது. "அதுஞ்சரிதானுங்க" என்றார். அக்காவுக்குச் சொல்ல அண்ணன் அப்படியே எடப்பாடிக்கு வண்டியேறினார். தங்கை சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, தாழ்வாரத்தில் வைத்து எங்களுக்குப் புளிச்சோறு கொடுத்துவிட்டுத்தான் போனார். மதியத்திலிருந்து நான் பட்டினி. மூன்று கை வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்துச் சேந்தமங்கலத்துக்குப் போனேன். தீனி மாற்றியபின் எத்தனை பிழைத்தன என்று பார்த்து எழுதிவர வேண்டும். கறிக் கோழி வண்டி அந்தச் சந்தையன்று வெறுங்கூண்டோடு திரும்பியதாக அந்த அம்மாள் சொன்னார். மாமனார் எருமையை வேப்பமரத்தடியில் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கரும்புக் காட்டுக்கு அழைத்துப்போய், சம்பந்தி வீட்டு உரத்தில் பயிர் எப்படிக் கறுத்து நிற்கிறது பாருங்கள் என்று காட்டினார். எனக்குப் பக்கத்துக் காட்டுக் கரும்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

நாங்கள் திரும்பும்போது அண்ணனின் வண்டி வாசலில் நின்றது. புதுப் புண்ணாக்கு, மறுபடி ஆறு மூட்டை, சந்தனப் பொட்டோடு. காய்ந்ததுதான், முன்னமே எங்களிடம் ஒரு பிடி கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். மாமனார் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு மென்று பார்த்தார்.

"இது கரும்புக்குங்களா, கோழிக்குங்களா?" என்று சம்பந்தியைக் கேட்டார்.

"உங்க மருமவ எதுக்குச் சொல்லுதோ அதுக்குங்க."

"கோழிக்குத்தான்" என்றார் அந்த அம்மாள், கொட்டகைக் கதவைத் திறந்தபடி.

உள்ளே போய் நான் எண்ணத் தொடங்கினேன். கோழிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. எண்பதைத் தாண்டும்போது ஒரு கூட்டம் குறுக்கே ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை நூறைத் தொட்டபோது அந்த அம்மாள் தீனித் தட்டோடு எனக்கும் கோழிகளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எண்ணாதீங்க சாமி. இப்பத்தான் தேறி வருதுங்க, கண்ணு பட்டுரும். நெறையா இருக்குதுன்னு எழுதிக்குங்க."

அன்று மாலை பெரிய டாக்டரிடம் அப்படியே எழுதிக் கொடுத்தேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.