ஏரோப்ளேன் கண்ணாடியில் விழுந்த ஓட்டை

யுத்தம் முடிந்து சித்தப்பா சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில் துணிமணிகளை விடக் கண்ணாடித் துண்டுகள்தான் அதிகம் இருந்தன. விமானப் பட்டறையில் ஜன்னல் மாட்டும் வேலை பார்த்தவர். கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பார்ப்பதற்குக் கண்ணாடி, கீழே போட்டால் உடையாது. அக்ரிலிக் என்ற பெயரைப் பின்னால் காலேஜில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அது ஏரோப்ளேன் கண்ணாடி.

"ஏரோப்ளேனுக்கு ஜன்னல் மாட்டுனவனுக்கு இங்கன என்னலே வேலை? நம்ம மாட்டுவண்டிக்கு ஒண்ணு மாட்டிக் குடு" என்று என் தகப்பனார் தம்பியைக் கேலி செய்வார்.

சித்தப்பாவுக்கு வேலை கட்டாயம் வேண்டும். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் சயன்ஸ் அறைக்கு ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஒழுகாத மீன்தொட்டி ஒன்று செய்து கொண்டுவந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லியிருந்தார். சித்தப்பா துண்டுகளை அறுத்து, ஒட்டி, தொட்டி செய்தார். குளத்து மீன் நாலைந்தை உள்ளே விட்டதும் தெருவே வந்து பார்த்தது.

செவ்வாய்க்கிழமை அவர் புளியங்குடிக்குப் போயிருந்த சமயத்தில் சித்திக்கு ஒரு யோசனை வந்தது. அவள் திருவேங்கடத்துப் பக்கம். அங்கே கம்பும் சோளமும் போட்டு வைக்கும் மண்குலுக்கைக்கு அடியில் ஓர் ஓட்டை இருக்கும். துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். வேண்டும்போது உருவினால் தானியம் கொட்டும்.

"தண்ணி மாத்த ஒவ்வொரு செம்பா மோந்து ஊத்துதாகளே, பாவம். அடியில ஒரு ஓட்டை இருந்தா வேலை லேசுல்லா? நீ படிக்கிற பிள்ளை, சொல்லுலே. கம்பியைக் காச்சி வச்சா இது உடையுமா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். எனவே இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம்தான் வரும். "உடையாது சித்தி, சூட்டுக்கு இளகும்" என்று தீர்ப்புச் சொன்னதோடு நிற்காமல், அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சியும் கொடுத்தேன். விரல் பருமனுக்கு அழகாக ஓட்டை விழுந்தது. சித்தி துணியைச் சுருட்டி அடைத்து, பானைக்கு மாற்றி வைத்திருந்த தண்ணீரையும் மீனையும் திரும்பத் தொட்டியில் விட்டாள்.

துணி தானியத்தை நிறுத்தும், தண்ணீரை நிறுத்துமா? பதறிப்போய்க் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அப்பினாள். சகல நோயையும் தீர்க்கும் என்று ஊரே நம்பும் மண். மண் கரைந்து, கால் மணி நேரத்தில் தொட்டி, மழை வெள்ளம் ஓடும் ஓடை மாதிரி ஆகிவிட்டது. மீன்களை மறுபடியும் பானைக்கே மாற்றினோம்.

சாயங்காலம் வந்த சித்தப்பா ஓட்டையைப் பார்த்தார். அடுப்போரம் கிடந்த கம்பியைப் பார்த்தார்.

"யாருலே இந்தக் காரியத்தைச் செஞ்சது?" என்று தகப்பனார் சத்தம் போட்டார்.

"விடுங்கண்ணே, அடைச்சுக்கிடலாம்" என்றார் சித்தப்பா. அதற்கு மேல் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சித்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் செய்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கருகிய விளிம்பை உருண்டை அரத்தால் ராவி எடுத்து, ஓட்டையை உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் ஆக்கினார். மிச்சத் துண்டில் அதே சரிவோடு ஒரு மூடி அறுத்தார். "தண்ணி தள்ளத் தள்ள இது இறுகத்தானே செய்யும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கொஞ்சம் குளோரோபாரம் வாங்கி, ராவிய தூளை அதில் போட்டுக் கரைத்தார். மத்தியானத்துக்குள் அது தேன் பதத்துக்கு வந்தது. அதைத் தடவி, மூடியைப் பொருத்தி, மேலே பாரம் வைத்து, ஒரு நாள் முழுக்க யாரையும் தொடவிடவில்லை. பிறகு உப்புத்தாளால் தேய்த்தார். கடைசியில் சலித்த சாம்பலும் தேங்காய் எண்ணெயுமாகத் துணியில் தொட்டு மெருகேற்றினார். தண்ணீர் நிரப்பி அடியில் காகிதத்தை விரித்து வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் காகிதம் மொடமொடவென்று இருந்தது.

மீன்பானையோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் தொட்டியைச் சுற்றி வந்து ஓரிடத்தில் குனிந்தார். "இதென்னவே, வட்டமா ஒரு அடையாளம்?"

"டிரில் போடும்போது என் கை தவறிட்டு சார். அடைச்சிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையா தவறும்? ஹெட்மாஸ்டர் கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு தரம் தடவினார். விரல் எங்கும் தட்டவில்லை. "திங்கக்கிழமையிலிருந்து வாரும்" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து சேதி சொன்னேன். சித்தியோ வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "ஓட்டை போட்டது யாருன்னு கேட்டாகளா?"

"தன் கை தவறிட்டுன்னு சித்தப்பா பொய் சொல்லிட்டாக."

சித்தி அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பொய் சொல்லலாகாது என்று படித்திருந்த எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. "அழாதீய சித்தி. திங்கக்கிழமை நானே போயி ஹெட்மாஸ்டர்கிட்ட நெசத்தைச் சொல்லிருதேன்" என்று தேற்றினேன்.

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கண்ணெல்லாம் ஈரம், ஆனால் முகம் நிறையச் சிரிப்பு. புருஷன் சொன்ன அவ்வளவு பெரிய பொய்க்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாளே என்று, அன்று சித்தியைப் பற்றிக் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்தேன்.