கடைசி ரவுண்டில் என் இரண்டு மகள்கள்

மதுரையில் இன்று செஸ் போட்டி. கடைசி ரவுண்டில் யாருக்கு யார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பெரியவளும் சின்னவளும் எதிரெதிரே. ஜெயிப்பவளுக்கு மட்டும்தான் மாநிலப் போட்டி.

பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டாம்பட்டியிலிருந்து வந்திருந்த இன்னொரு அப்பா தோளைத் தட்டினார். "ஒங்களுக்கு என்னண்ணே கவலை? யாரு ஜெயிச்சாலும் கப்பு ஒங்க வீட்டுக்குத்தான வருது."

யார் தோற்றாலும் அழுகையும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இவர்கள் மட்டும் விடுவதாக இல்லை. சின்னவள் சடை நுனியைக் கடிக்க ஆரம்பித்தாள். நிலைமை மோசமானால்தான் அப்படிச் செய்வாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பெரியவள் நகத்தைக் கடிக்கிறாள்.

தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் கொடுத்தனுப்பியிருந்தேன். பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே அதைத் தங்கச்சி பக்கம் நகர்த்தி வைத்தாள். அதே கையால் தங்கச்சியின் குதிரையை வெட்டினாள்.

அதற்குமேல் பார்க்க முடியவில்லை. வாசலுக்குப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா, பசிக்குது" என்றாள் சின்னவள்.

"எனக்கும்" என்றாள் பெரியவள்.

இப்போது வாடிப்பட்டி போகும் வழியில் ஒரு பரோட்டா கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே இருவரும் ஒரே ஆம்லெட்டைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்ட்டில் போட்டுவிடாதீர்கள். இந்தப் பரோட்டாவையாவது நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.