பித்தளை போல்ட்டு

என் வீட்டுக்காரரை நடுரோட்டில் வைத்து நான் திட்டியது ஒரே ஒரு தடவைதான். ஆனால் அந்த ஒரு தடவை, சூலக்கரையில் பஸ்ஸுக்கு நின்ற ஜனம் முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு இடது முழங்கால் மடங்காது. படிக்கிற காலத்தில் லாரி மோதி, உள்ளே கம்பி வைத்துவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் நீட்டிக்கொண்டிருக்கும் என் காலை ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரும் ஏசுவார்கள். மோட்டார் சைக்கிள் சீட்டிலும் எனக்கு உட்கார வராது. அப்படியிருக்கும்போதுதான் சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். நான் சம்பாதிக்க ஆரம்பித்தால் அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையை விட்டுவிட வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. அவரும் தலையை ஆட்டியிருந்தார்.

விருதுநகரில் வண்டி சீட்டு தைக்கும் ஒரு கடையில் சொல்லி, அவர் மோட்டார் சைக்கிளுக்கு எனக்கென்றே ஒரு சீட்டு தைத்தோம். அகலமான சீட்டு, முதுகு சாயக் கம்பி, நீட்டிய காலைத் தாங்க இடது பக்கம் ஒரு பலகை.

"நாலு போல்ட்டு இருக்கு. வண்டி பிரேமோட சேத்து நல்லா இறுக்கணும். அக்கா ஒரு பக்கமா உக்காருவாக, வெயிட்டு பூராம் அங்கனதான் விழும். நானே மாட்டித் தந்திரவா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம், நான் வீட்ல மாட்டிக்கிறேன்" என்றார் இவர். பெரிய இன்ஜினியர்!

சனிக்கிழமை காலையில் ஒத்திகை பார்க்கலாம் என்று கிளம்பினோம். சூலக்கரையில் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. என் அடியில் சீட்டு அப்படியே இடது பக்கம் சரிந்தது. நான் ரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. முழங்கை உரிந்து ரத்தம். நல்லவேளை, கம்பி வைத்த காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் சீட்டைத் தூக்கினார். எட்டிப் பார்த்தேன். இரண்டு போல்ட்டு முறிந்திருந்தது. மற்ற இரண்டிலும் மரை மழுங்கி, நட்டு கழன்று விழுந்திருந்தது. முறிந்த இடம் மஞ்சளாக மினுங்கியது. பித்தளை.

"இது ஏதுங்க? கடைக்காரர் குடுத்த இரும்பு போல்ட்டு எங்க?"

"கம்பெனியில கெடந்துச்சு. இரும்பு வேணாம்னு..."

"இரும்பு வேணாமா? ஊரு உலகத்துல எந்த வண்டிக்குய்யா பித்தளை போல்ட்டு போடுவாக? கூறு இருக்கா உமக்கு? இன்னைக்கு அந்த பஸ்ஸு என் மேல ஏறியிருந்தா என்ன சொல்லியிருப்பீக? என் பொண்டாட்டிய இரும்புகிட்டயிருந்து காப்பாத்திட்டேம்னா?"

அவர் குனிந்து, ரோட்டில் உருண்ட நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மருந்து ரூமுக்குள் இரும்பு போகக் கூடாது; எனக்கும் தெரியும். இரும்பு இரும்போடு உரசினால் பொறி. அதனால் அள்ளுவது, திருகுவது எல்லாம் பித்தளைதான். சாவியைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சரி, அது கம்பெனிக்குள். இந்த மனுஷன் வீட்டில் இரும்பு பீரோக் கதவைக்கூட உள்ளங்கையை இடையில் கொடுத்துத்தான் சாத்துவார். பல வருஷமாக அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான்.

"நாளைக்கு இரும்பு போல்ட்டு மாட்டுறீக. என் கண்ணு முன்னால மாட்டுறீக" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தினார். இரும்பு போல்ட்டு நாலும் பொட்டலம் பிரிக்காமலே இருந்தன. ஒவ்வொன்றையும் தேங்காயெண்ணெயில் முக்கி எடுத்தார். கீழே ஈரச்சாக்கை விரித்தார்.

"நீ கொஞ்சம் தள்ளிப் போயி நில்லு புள்ள."

"ஒரு அடி நகர மாட்டேன். மாட்டுங்க."

இரண்டு போல்ட்டு ஏறியது. மூன்றாவதை இறுக்கும்போது ஸ்பேனர் நழுவிப் பிரேமில் ணங்கென்று அடித்தது. அவ்வளவுதான், அவர் என் மேல் பாய்ந்தார். இரண்டு கையாலும் என் தலையை மூடி, சுவரோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துப் போனார்கள். அவர் நெஞ்சு என் காதோரம் கிடந்து அடித்தது. பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

"பக்கத்து ரூம்ல வேலை பாத்தவன், டிரம்மு மூடிய இரும்புக் கம்பியால நெம்பிட்டான். இதே சத்தந்தான் புள்ள. அடுத்த நிமிஷம் அந்த ரூமே இல்ல" என்றார். சாக்கில் விழுந்து கிடந்த ஸ்பேனரை எடுத்து மீதியை நானே இறுக்கினேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை சீட்டு அசையவில்லை. பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட்டு, வண்டியைக் கம்பெனிப் பக்கம் திருப்பினார்.

"எங்க போறீக? நான்தான் வேலையில சேந்துட்டேன்ல?"

"சீசன் ஆரம்பிச்சிருச்சு. ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. தீவாளி முடியட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாலு போல்ட்டையும் அங்கேயே பிடுங்கிப் போட்டிருப்பேன். உள்ளே மணி அடித்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு முழுக்க, எங்கே ஒரு கதவு அடித்துச் சாத்தினாலும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுப் பார்த்தேன்.